சுவர் விரிசல்: கண்ணாடித் துண்டா, அளவுப் பட்டையா?

வேலூர், காட்பாடிப் பக்கம் பழைய செங்கல் வீட்டில் விரிசல் விட்டால் கொத்தனார் அதன் குறுக்கே கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டுவார். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைந்திருக்கிறது. செலவே கிடையாது. ஆனால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. ஒருமுறை உடைந்ததோடு அதன் வேலை முடிந்தது. இன்னும் மோசம், பூச்சின் மேல் ஒட்டினால் பூச்சு மட்டும் பெயரும், கண்ணாடி முழுசாக நிற்கும். வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

அளவுப் பட்டை என்பது ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். ஒன்றில் மில்லிமீட்டர் கட்டம், மற்றதில் குறுக்குக் கோடு. பூச்சைத் தட்டிவிட்டு, செங்கல்லிலேயே விரிசலின் இருபுறமும் எபாக்ஸியால் ஒட்டுங்கள். பசை இறுகிய பிறகு நடுவில் உள்ள பூட்டு ஊசியை எடுக்க மறக்காதீர்கள். எடுக்காவிட்டால் தகடு நகராது.

வாரம் ஒருமுறை, காலை ஒரே நேரத்தில் படித்து எழுதுங்கள். மே வெயிலில் சுவரே விரியும், மதிய அளவு குழப்பும். விரிசல் கோடையில் அகன்று ஐப்பசி மழையில் சுருங்கினால், பெரும்பாலும் அது வீட்டுக்கு அடியில் உள்ள களிமண் காய்ந்து சுருங்கி, நனைந்து உப்பும் வேலை. மழை வெயில் பாராமல் ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இதைப் பிரித்தறிய ஒரு வருடக் கணக்காவது வேண்டும், கண்ணாடியால் முடியாது. விரிசல் 5 மி.மீ.யைத் தாண்டியிருந்தால் காத்திருக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.