வீட்டில் இல்லாத டிஷ்: ஏற்காட்டில் கேபிள் வந்த வழி

எங்கள் வீட்டு டிஷ் வீட்டில் இல்லை. வாசலிலிருந்து நூறடிக்கு மேல் தள்ளி, காப்பித் தோட்டத்துக்குள் ஒரு பாறை மேல் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பும் கேபிள் மண்ணுக்குள் ஓடி, கல் படிக்கட்டுக்கு அடியில் நுழைந்து, ஓட்டுக்குக் கீழேதான் மறுபடி தலைகாட்டும். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறது எங்கள் வீடு. வருகிறவர்கள் "டிஷ்ஷே காணோமுங்க, டிவி மட்டும் ஓடுது?" என்று கேட்காமல் போக மாட்டார்கள். பல மழைக்காலங்களைத் தாங்கிவிட்ட ஏற்பாடு என்பதால் எழுதுகிறேன். மலையில் படம் நன்றாகத் தெரிய வேண்டுமா? என்ன டிஷ், என்ன பெட்டி என்பதெல்லாம் அப்புறம். கேபிள் எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாறைக்குப் போனதற்குக் காரணம் சில்வர் ஓக் மரங்கள். நாங்கள் பார்ப்பது தூர்தர்ஷனின் மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ். அது வருவது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. ஏற்காட்டில் நின்று பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் இருக்கும். கிட்டத்தட்ட தலைக்கு மேலே என்றே சொல்லலாம். அதனால் ஐம்பதடி மரம்கூட இருபத்தோரு அடி தள்ளி நின்றால் மறைக்காது. ஆனால் எங்கள் சுவரை ஒட்டியே வரிசையாக ஓக் மரங்கள். காப்பிக்கு நிழல் தருபவை, மிளகுக்கொடி ஏறியவை. டிவிக்காக அவற்றை வெட்ட யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது. மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பார்கள். அப்போது படம் பளிச்சென்று இருக்கும். புதுத் தழை அடைத்ததும் மங்க ஆரம்பித்துவிடும். வருஷா வருஷம் இதே கதை.

மரம் மறைக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது விற்கும் சின்ன டிஷ்கள் ஆஃப்செட் வகை. அதன் தட்டு பார்க்கும் திசையும் சிக்னல் வந்து விழும் திசையும் ஒன்றல்ல. தட்டு பார்ப்பதைவிட இருபது பாகைக்கு மேல் அண்ணாந்து பார்த்தால்தான் உண்மையான வழி தெரியும். "எதிரே வெட்டவெளிதானே, ஏன் வரவில்லை?" என்று நிற்பவர்கள் பெரும்பாலும் தட்டுக்கு நேரே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டிஷ்ஷைத் தாங்குவது அப்பா காலத்து ஏரியல் குழாய். கொடைக்கானலில் தூர்தர்ஷன் டவர் வந்த பிறகு தென்மேற்காகத் திருப்பி நட்டது. அலுமினியக் கம்பிகள், நடுவில் சிக்னலை வாங்கும் மடித்த கம்பியான டைபோல், பின்னால் ஒரு நீளக் கம்பி, முன்னால் குட்டையாகக் குறைந்துகொண்டே போகும் கம்பிகள். ஜப்பானில் 1926ல் யாகி, உடா என்ற இருவர் வெளியிட்ட அமைப்பு அது. அந்த அளவுகளை வைத்துக்கொண்டு நம் ஊர் ஆட்கள் மூங்கிலிலும் ஜன்னல் கம்பியிலும் கட்டிப் படம் பிடித்தார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. டைபோல் அந்தச் சேனலின் அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் மற்றதை எதில் வேண்டுமானாலும் கட்டலாம். மலை உச்சி என்பதால் எங்களுக்குச் சாதகம் அதிகம், தொலைவில் உள்ள டவரும் எட்டியது. அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியதும் கம்பிகளைக் கழற்றிவிட்டோம். ஜிஐ குழாய் துருப்பிடிக்காமல் நின்றது. அதை அப்படியே பாறைக்குக் கொண்டுபோய், துளை போட்டுப் போல்ட் இறக்கி நிறுத்தினோம். ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் செங்குத்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் போட்டிருக்கும் பாகைக் குறிகள் எதற்கும் உதவாது.

இனி கேபிள். முதலில் மெக்கானிக் தம்பி போட்டுக்கொடுத்தது மரத்துக்கு மரம் கட்டிய மேல்வழி. காற்றில் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு பக்கம் ஆட, கேபிள் இழுபட்டது. குரங்குகள் வேறு அதைப் பிடித்துத் தொங்கின. வெளியே தோல் நன்றாக இருக்கும், உள்ளே நடுக்கம்பி விட்டுப்போயிருக்கும். எங்கே விட்டது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால்தான் மண்ணுக்குள் இறக்கினோம்.

தோட்டத்தில் தண்ணீருக்குப் போட்டு மிச்சமான கருப்பு ஹோஸ் கிடந்தது. காப்பி வரிசைகளுக்கு நடுவே, ஒரு முழத்துக்குக் குறையாத ஆழத்தில் அதைப் பதித்து, நைலான் கயிறு கட்டிக் கேபிளை உள்ளே இழுத்தோம். களை கொத்தும்போது மண்வெட்டி படாது. ஹோஸ் நெடுகச் சரிவாகவே இறங்குகிறது. கீழ் முனையைத் திறந்துவிட்டிருப்பதால் உள்ளே சேரும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். படிக்கட்டுக்கு அடியில் இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த சந்து இதற்கென்றே விட்டது போல் அமைந்தது.

வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனத்த கருங்கல், மண் சாந்து. துளை போட்டால் கல்லே அசையும், அதனால் சுவரில் கை வைக்கவில்லை. மழைநீர்க் குழாயோடு ஒட்டி மேலே ஏற்றி, கைமரம் சுவர் மேல் உட்காரும் இடத்தில் ஓட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியில் நுழைத்தோம். நுழைவதற்கு முன்னால் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்ற வேண்டும். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் வந்து சொட்டி நின்றுவிடும், வீட்டுக்குள் வராது. இந்த வளைவு இல்லாத வீடுகளில் டிவிக்குப் பின்னால் சுவர் ஓதம் அடித்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே கைமரத்தோடு வரும்போது கரண்ட் ஒயரை விட்டு விலகியே வருகிறது. ஈபி கம்பத்தில் கேபிளைக் கட்டுவதோ, மின்கம்பி பக்கத்தில் இரும்புக் குழாயை நிமிர்த்துவதோ உயிருக்கு ஆபத்து. எவ்வளவு சுலபமான வழியாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

தூரம் அதிகமானால் கேபிளில் காசு பார்க்கக் கூடாது. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற சின்னக் கருவி, வானத்திலிருந்து வரும் 11 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அளவுக்கு இறக்கிக் கொடுக்கும். அதே கேபிளில்தான் பெட்டியிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மேலே ஏறுகிறது. நடுக்கம்பி இரும்பாக இருந்து மேலே செம்பு பூசியிருந்தால் மின்தடை அதிகம், வோல்ட் குறைந்துவிடும். அலை நெட்டாக அதிர்வதா, கிடையாக அதிர்வதா என்ற துருவத்தை எல்என்பி இந்த வோல்ட்டை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கும். 18 கேட்கிற இடத்தில் போதாமல் போனால், இரண்டு துருவத்திலும் சேனல் வைத்திருக்கும் சேவைகளில் ஒரு பகுதி சேனல் மட்டும் காணாமல் போகும். முழுச் செம்பு நடுக்கம்பியுள்ள ஆர்ஜி-6 வகைக் கேபிள் கேட்டு வாங்குங்கள். பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிகிறதா, செம்பு நிறமாகவே இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். சேலம் கடைகளில் இரண்டும் கிடைக்கும். டிஷ்ஷிலிருந்து ஜன்னல் ஓரம் வரை எங்கும் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக வாங்கியது இன்றுவரை காப்பாற்றுகிறது.

இணைப்பு மண்டையில்தான் பாதி வியாதியும். எல்என்பியில் கேபிள் முனையின் எஃப் கனெக்டரைத் திருகும் இடத்தில் துளி நீர் போனாலும், கேபிளின் வலைக்கம்பி விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வலை பச்சை பிடித்துக் கருத்துவிடும். நான் கனெக்டரைக் கையால் இறுக்கி, வாசலின் தடவி, கீழிருந்து மேலாகத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, அதன் மேல் பழைய சைக்கிள் டியூப்பை இழுத்துக் கட்டுகிறேன். கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான் ஓடு வேய்ந்த மாதிரி மேல் சுற்று கீழ் சுற்றை மூடும்.

"பனி இறங்கினா படம் போயிடும்" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். மூட்டம் அவ்வளவு சிக்னலை உறிஞ்சாது. பனியோடு படம் போகிறது என்றால் கனெக்டரைத் திறந்து பாருங்கள், ஈரம் இருக்கும். கனமழை வேறு விஷயம். பெரிய துளிகள் இந்த அலையை உண்மையிலேயே தடுக்கும், அது ஓய்ந்தால் தானாக வந்துவிடும். இன்னொன்று, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் முற்பகல் 11 மணியை ஒட்டிக் கொஞ்ச நேரம் படம் உடையும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் வருவது அது. யாரையும் கூப்பிட்டு டிஷ்ஷைத் திருப்பச் சொல்லிவிடாதீர்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்னும் திருப்தி இல்லாதது இடி. பாறை மேல் தனியாக நிற்கும் இரும்புக் குழாய், சித்திரை வைகாசி மழைக்கு எர்த் இல்லாமல் நிற்கக் கூடாது. பாறையில் மண் இல்லை என்பதால் கனமான ஜிஐ கம்பியைக் கீழே ஈரம் காயாத குழி வரை இறக்கியிருக்கிறோம். அதை நம்பிப் பெட்டியை விட்டுவிடுவதில்லை. வானம் இருட்டினால் ஜன்னல் ஓரத்திலேயே கேபிளைக் கழற்றிவிடுகிறோம். எட்டும் உயரத்தில் அங்கே ஒரு கனெக்டர் வைத்திருப்பது அதற்காகத்தான். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நாட்களில் அவர்களும் கழற்றத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஹோஸுக்குள் இன்னொரு நைலான் கயிறும் சும்மா இழுத்துப் போட்டிருக்கிறது. நாளைக்கு இணைய ஒயர் வந்தாலும் மறுபடி மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இந்தக் காப்பி அறுவடை முடிந்ததும் இதேபோல் பதிக்கப் போகிறார். அவருக்குப் பாறை இல்லை, தண்ணீர்த் தொட்டி மேல்தான் டிஷ் ஏற வேண்டும்.