சுரப்பதா, அறுப்பதா, இழப்பதா? கிருமிக்குப் பட்டுப்புழு மரபணுக்கள் தரும் மூன்று பதில்கள்

பட்டுப்புழுவுக்கு எதிர்ப்பான்களை உருவாக்கும் திறன் கிடையாது. வந்துபோன நோயை நினைவில் வைத்து அடுத்த முறை அதற்கென்றே ஆயுதம் செய்யும் ஏற்பாடு நமக்கு உண்டு, அதற்கு இல்லை. பிறப்பிலேயே வாய்த்த மரபணுக்களை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். அந்த மரபணுக்கள் கிருமிக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

முதல் வழி, சுரப்பது. பெப்டிடோகிளைக்கன் என்பது பாக்டீரியாவின் சுவர்ப் பொருள். பட்டுப்புழுவின் ரத்தநீரில் இதை இம்மியளவு கலந்தாலே போதும், ரத்தநீர் கறுத்துவிடும். இந்தக் கறுத்தலே கிருமிக்கு எதிரான ஒரு தற்காப்பு. அதைத் தொடங்கிவைக்கும் உணர்வுப் புரதம் 1996இல் பட்டுப்புழுவிலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் உறவுப் புரதங்கள் மனித உடலிலும் இருப்பது பிறகு தெரியவந்தது. கறுத்தல் நடக்கும்போதே டோல், ஐ.எம்.டி. என்னும் இரு சமிக்ஞைப் பாதைகள் விழித்துக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் கொழுப்புத் திசுவில் செக்ரோபின், அட்டாசின், மோரிசின், குளோவெரின் மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டு, கிருமியைக் கொல்லும் அவற்றின் பெப்டைடுகள் (சிறு புரதங்கள்) ரத்தநீரில் கலக்கின்றன. பழ ஈயில் டோல் பாதை பூஞ்சைக்கும் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களுக்கும், ஐ.எம்.டி. பெரும்பாலும் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கும் (சுவர் அமைப்பால் வேறுபடும் இரு பாக்டீரியா வகைகள் இவை) என்று பாடநூல்கள் கோடு போட்டுக் காட்டும். பட்டுப்புழுவில் அந்தக் கோடு அவ்வளவு கறாரானதல்ல. டோல் பாதையை மட்டும் தூண்டிவிட்டாலும் பலவகைப் பெப்டைடுகள் சேர்ந்தே உயர்கின்றன.

பாக்டீரியாவுக்கு இந்த வழி நன்றாகவே செல்லுபடியாகிறது. சிக்கல் மற்ற கிருமிகளிடம்தான். சுண்ணாம்புக்கட்டி நோயை உண்டாக்கும் பியூவேரியா பூஞ்சை தோலைத் துளைத்தே உள்ளே வரும். ஒரு நுண்ணுயிர் விலங்குக்கு நோய் தரும் என்பதை அகோஸ்தினோ பாஸ்ஸி 1835இல் இந்தப் பூஞ்சையைக் கொண்டுதான் நிறுவினார். ஈரப்பதம் மிகுந்தால், புழு எவ்வளவு சுரந்தாலும் பூஞ்சையின் கைதான் ஓங்குகிறது. பெப்ரின் நோயை உண்டாக்கும் நோசீமா என்ற நுண் ஒட்டுண்ணி அதைவிடத் தந்திரக்காரன். ரத்தநீரின் கறுத்தலையே தடுக்கும் செர்பின் புரதத்தை அது புழுவுக்குள் விடுகிறது. தாயிடமிருந்து முட்டைக்கும் தொற்றுகிறது. தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து, நோய்ப்பட்ட முட்டைகளை ஒதுக்கச் சொன்ன பாஸ்டரின் 1860களின் ஆலோசனைக்கு இன்றும் மவுசு குறையாததற்கு இதுவே காரணம்.

வைரஸ் வந்தால் இரண்டாவது வழி, அறுப்பது. வைரஸ் பெருகும்போது தோன்றும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை டைசர்-2 நொதி சிறு துண்டுகளாக வெட்டும். அத்துண்டுகளே வழிகாட்டியாகி, அதே வரிசையுள்ள மற்ற ஆர்.என்.ஏ.க்களையும் வெட்டவைக்கும். தாளில் படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பால் நோய் வைரஸ் தாக்கிய புழுவில் இந்தத் துண்டுகள் கிடைக்கத்தான் செய்கின்றன, புழுவும் கணுக்கள் வீங்கி, ரத்தநீர் பால்போலாகிச் சாகத்தான் செய்கிறது. புழுவின் இயல்பான வேகம் வைரஸுக்கு ஈடுகொடுப்பதில்லை. அதனால் ஆய்வாளர்கள், வைரஸின் ஐ.ஈ.-1 போன்ற தொடக்கநிலை மரபணுக்களைக் குறிவைக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் புழு தானே முன்கூட்டித் தயாரிக்கும்படி மரபணு மாற்றம் செய்து பார்த்தார்கள். வைரஸ் பெருக்கம் குறைந்தது. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டால் தேறும் வழி இது.

மூன்றாவது வழி, இழப்பது. இது எதிர்வினையே அல்ல என்று யாராவது வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். டென்சோவைரஸ் வகை ஒன்று புழுவின் நடுக்குடல் செல்களைத் தாக்குகிறது. சில பட்டுப்புழு இனங்களை மட்டும், எவ்வளவு வைரஸை ஊட்டினாலும் அது தொடுவதில்லை. என்ன காரணம் என்பது 2008இல் வெளிவந்தது. அமினோ அமிலங்களைக் கடத்துவதாகக் கருதப்படும் ஒரு சவ்வுப் புரதத்தின் மரபணுவில், அந்த இனங்களில் சுமார் 6,000 டி.என்.ஏ. எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. வைரஸ் நுழையும் கதவே அங்கு இல்லை. ஐயம் தீர, சிதையாத மரபணுவை அந்தப் புழுக்களுக்குள் மீண்டும் வைத்தார்கள். உடனே அவை நோய்க்கு ஆளாயின. தொற்றிய புழுவில் எந்த மரபணு எத்தனை மடங்கு உயர்ந்தது என்று காட்டும் பட்டியல்கள் ஆய்விதழ்களில் குவிந்துகிடக்கின்றன. உயர்வது பாதுகாப்பின் அடையாளமா, அவதியின் அடையாளமா என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. திரும்ப வைத்துப் பார்த்த இந்தச் சோதனையோ மறுபேச்சுக்கு இடம் வைக்கவில்லை.

குறையும் உண்டு. என்.எஸ்.டி-2 என்று பெயரிடப்பட்ட இந்த இழப்பு, அந்த ஒரு வைரஸுக்கு மட்டுமே தடை. இன்னொரு டென்சோவைரஸைத் தடுப்பது என்.எஸ்.டி-1 என்ற வேறொரு மரபணு. பால் நோய்க்கு இரண்டும் உதவாது. மேலும் என்.எஸ்.டி-2 ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் பலன் தரும். வணிகத்துக்கு வளர்ப்பவை பெரும்பாலும் இரண்டு இனங்களின் கலப்பினப் புழுக்கள். பெற்றோரில் ஒன்று மட்டும் இழப்பைச் சுமந்தால் குஞ்சுப் புழுக்கள் அத்தனையும் நோய்க்கு ஆளாகும். ஆகவே அந்த இழப்பை இரு பக்க இனங்களிலும் நிலைநிறுத்திய பிறகே கலப்பைத் தொடங்க வேண்டும்.