ஹேர் டிரான்ஸ்பிளான்ட் எத்தனை வருஷம் நிற்கும்? பாளையங்கோட்டையில் செய்துகொண்டவன் எழுதுவது

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் கிளினிக்குகளுக்கு வரும் விமர்சனங்களில் பல, செய்த ஒரு வருஷத்துக்குள் எழுதப்பட்டவை. அந்தச் சமயத்தில் யாராக இருந்தாலும் ஐந்து நட்சத்திரம்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் வைத்த முடி நன்றாக வளர்ந்து, பக்கத்தில் இருந்த பழைய முடியும் இன்னும் கொட்டாமல் இருக்கிற காலம் அது. நான் பாளையங்கோட்டையில் செய்துகொண்டு சில வருஷங்கள் ஓடிவிட்டன. எத்தனை காலம் நிற்கும் என்று கேட்பவர்களுக்கு இப்போதுதான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் கிளினிக் பெயரைப் போடவில்லை.

முதலில் டாக்டர். தோல் மருத்துவம் படித்தவர். முதல் தடவை போனபோது பணத்தைப் பற்றியோ, எத்தனை கிராஃப்ட் (வேரோடு எடுத்து வைக்கும் சின்ன முடிக்கொத்து) என்ற கணக்கைப் பற்றியோ பேசவே இல்லை. பேனா மாதிரி இருந்த ஒரு கேமராவைப் பிடரியில் வைத்து அழுத்தி, கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு துளையிலிருந்தும் இரண்டு மூன்று முடி சேர்ந்தாற்போல, எல்லாம் ஒரே தடிமனில் இருந்தன. கேமராவை உச்சிக்கு நகர்த்தியதும் தடித்த முடிக்குப் பக்கத்திலேயே நிறம் வெளுத்த பூனைமுடிகள், பல துளைகளில் ஒன்றே ஒன்று. "இந்த மெலிஞ்சதெல்லாம் கொஞ்ச வருஷத்துல போயிரும். நான் வைக்கது அவ்வளவு சீக்கிரம் போகாது. ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிடாதீங்க" என்றார். இந்த ஒரு விளக்கத்துக்காகவே அவருக்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

விஷயம் இதுதான். ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் டி.எச்.டி. என்கிற ஹார்மோன் முன்பக்கத்து, உச்சி முடிவேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. பிடரியிலும் காதுக்கு மேலும் இருக்கிற வேர்கள் அதற்கு அவ்வளவாக மசிவதில்லை. அங்கிருந்து எடுத்து முன்னால் வைத்தாலும் அந்தக் குணம் வேரோடு கூடவே வரும் என்று 1950களில் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் செய்து காட்டினார். இன்றைக்கும் எல்லா கிளினிக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது குறை. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் கவுன்சிலர் என்று ஒருவர் உட்கார வைத்துப் பேசினார். "லைஃப்டைம் கேரண்டி அண்ணாச்சி, ஒரு தடவை வச்சா சாகுற வரைக்கும்" என்றார். எனக்கு இன்னும் கோபம் அதுதான். உள்ளே டாக்டர் அத்தனை பொறுமையாகப் பிரித்துச் சொன்னதை, இவர் ஒரே வாக்கியத்தில் குழப்பிவிட்டார். வைத்த முடியே கூடக் காலத்துக்கும் அப்படியே அடர்த்தியாக இருக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. 2020ல் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நான்கு வருஷம் கழித்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்த முடியின் அடர்த்தி கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தது. வயதாக ஆகப் பிடரி முடியும் மெலியத்தான் செய்யும், அங்கிருந்து வந்ததும் மெலியும். பத்து வருஷம், இருபது வருஷம் தாண்டியும் நன்றாக வைத்திருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது கேரண்டி இல்லை. இன்னொன்று, பி.ஆர்.பி. என்று நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் தலையில் ஊசி போடுகிறார்களே, அதைப் பேக்கேஜில் சேர்த்துத் தள்ளப் பார்த்தார். டாக்டர் அதைக் கட்டாயம் என்று சொல்லவே இல்லை. நான் வேண்டாம் என்றேன், விட்டுவிட்டார்கள்.

என் தலை இப்போது எப்படி இருக்கிறது? முன் வரிசை அசையவில்லை. சீப்பை வைத்துப் பின்னால் இழுத்தால் நெற்றிக்கு மேலே நல்ல அடர்த்தி. ஆனால் அதற்குப் பின்னால், கை வைக்காமல் விட்ட உச்சியில், குளித்துவிட்டு ஈரத்தோடு டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால் தோல் தெரிகிறது. வைத்த முடி இருக்கிறது, கூட இருந்த சொந்த முடி போய்க்கொண்டிருக்கிறது. மாத்திரை, மருந்து இல்லையென்றால் இது வேகமாக நடக்கும். டாக்டர் மினாக்ஸிடில் என்கிற மருந்தைத் தலையில் தடவச் சொல்லி, ஃபினாஸ்டெரைடு மாத்திரை ஒரு மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், தொடர்கிறேன். இரண்டும் தொடர்ந்து எடுக்கிற வரைக்கும்தான் வேலை செய்யும், நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் பலன் போய்விடும். ஃபினாஸ்டெரைடு சிலருக்கு ஆண்மை சம்பந்தமான தொந்தரவு கொடுக்கலாம், கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது, அதனால் மெடிக்கலில் தானாகப் போய் வாங்கிப் போடும் மாத்திரை இல்லை இது. ஆக, கிளினிக் சொல்லும் தொகையோடு செலவு முடியாது, மாசா மாசம் மருந்துக்கும் ஒதுக்க வேண்டும்.

சிகிச்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போக ஊசி போடும்போதுதான் வலி, அப்புறம் மணிக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடப்பது அலுப்பு. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் வைத்த முடி பெரும்பாலும் கொட்டும், வேர் உள்ளேதான் இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்று நான்கு மாசத்தில் முளைக்க ஆரம்பித்து, ஒரு வருஷத்தில் முழு உருவம் தெரியும். உச்சியில் வைத்தால் ஒன்றரை வருஷம் கூட ஆகலாம்.

நம் ஊர்க்காரர்கள் கேட்பது வேறு இரண்டு. சாரல் சீசனில் குற்றாலம் போகலாமா? பத்து நாளில் வேர் பிடித்துவிடும் என்றாலும், மெயின் அருவி தலையில் அறைகிற வேகத்துக்கு ஒரு மாசமாவது தள்ளிப் போடுங்கள். திருச்செந்தூரில் நேர்த்திக்கடன் இருக்கிறது, மொட்டை போடலாமா? முழுதாக வளர்ந்த பிறகு தாராளமாகப் போடலாம், வேர் தோலுக்கு அடியில் இருப்பதால் திரும்ப வளரும். ஆனால் பிடரியில் தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் எஃப்.யூ.டி. முறையில் செய்திருந்தால் மொட்டையில் நீளத் தழும்பு தெரியும். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கும் எஃப்.யூ.இ. என்றால் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளோடு போய்விடும். வீட்டில் மொட்டை வழக்கம் உண்டென்றால் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உப்புத் தண்ணியால்தான் வழுக்கை என்று நம்பி போர் தண்ணியை மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. முடி சொரசொரப்பாகும், அவ்வளவுதான், பரம்பரை வழுக்கைக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் இல்லை.

விலை கேட்கும்போது கிராஃப்ட் கணக்கா முடிக் கணக்கா என்று கேளுங்கள். ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நான்கு முடி வரை இருக்கும், விளம்பரத்தில் பெரிய எண்ணாகத் தெரிவது பல நேரம் முடிக் கணக்கு. யார் கத்தி பிடிக்கிறார்கள் என்பதை அதைவிட முக்கியமாகக் கேளுங்கள். 2016ல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், தகுதியும் பயிற்சியும் உள்ள பதிவு பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், பயிற்சிப் பட்டறையோ வீடியோவோ பார்த்துவிட்டுச் செய்யக்கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நான் போன இடத்தில் டாக்டரே துளை போட்டு, டாக்டரே முன் வரிசையைக் குறித்தார், உதவியாளர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

அவர் என் பிடரியில் இருந்த எல்லாவற்றையும் ஒரே நாளில் காலி செய்யவில்லை. "உச்சி எவ்வளவு தூரம் போகும்னு தெரியட்டும், அதுக்கு மிச்சம் வைப்போம்" என்றார். கவுன்சிலர் பேச்சைக் கேட்டிருந்தால் அன்றைக்கே உச்சியையும் சேர்த்து முடித்திருப்பார்கள், இன்றைக்கு எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம், கவுன்சிலருக்கு ஒன்று. அடுத்த பரிசோதனையில் உச்சியை மறுபடியும் அந்தக் கேமராவில் பார்த்து, இன்னொரு தடவை வைக்கலாமா இல்லை மருந்தோடு விடலாமா என்று சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். என்ன முடிவானாலும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.