ஐபுப்ரோஃபென் ஆகாதவர் வலிக்கு எதைப் போடலாம்?

ஐபுப்ரோஃபென் போட்ட அரை மணி நேரத்தில் இமை வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. சரி, இனி அது வேண்டாம். அடுத்த முறை பல் வலித்தால்?

பலரும் நேராக டைக்ளோஃபெனாக்குக்குத் தாவுவார்கள். பெயர்தான் வேறு. ஆஸ்பிரின், நாப்ராக்ஸென், டைக்ளோஃபெனாக் எல்லாமே ஐபுப்ரோஃபெனைப் போல காக்ஸ்-1 என்ற நொதியைத் தடுப்பவை. சிலருக்கு அந்தத் தடுப்புதான் வினையே. நொதி அடங்கியதும் லியூகோட்ரையீன்கள் என்ற வேதிப்பொருள்கள் பெருகி மூச்சுக்குழாய் சுருங்குகிறது. ஆஸ்துமாவும் மூக்கில் சதை வளர்ச்சியும் சேர்ந்து இருப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். 1922லேயே பிரான்ஸில் விடால் குழுவினர் பதிவு செய்த விஷயம் இது. இவர்களுக்கு அந்த வரிசையில் எதுவும் ஆகாது. வேறு சிலருக்கோ ஒரே ஒரு மருந்துதான் பகை, வேதியமைப்பு மாறினால் பிரச்சினை இல்லை. நீங்கள் எந்த ரகம் என்பதை வீட்டில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயலாதீர்கள்.

பாராசிட்டமால் காக்ஸ்-1ஐ லேசாகத்தான் தொடும். என் ஓட்டு முதலில் இதற்கே. ஆனால் ஒரே வேளையில் 1000 மில்லிகிராம் போட்டால், ஆஸ்பிரின் ஆகாத ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு இழுப்பு வரக்கூடும், 500 பெரும்பாலும் பாதுகாப்பானது. வீக்கத்துக்கு இது சுமார்தான். அப்புறம், கூட்டு மாத்திரைகள்! பாராசிட்டமால் என்று நம்பி வாங்கிய அட்டையில் ஐபுப்ரோஃபெனும் சேர்ந்திருக்கும். பொடி எழுத்தையும் படியுங்கள்.

செலகாக்ஸிப், எட்டோரிகாக்ஸிப் இரண்டும் பெரும்பாலும் காக்ஸ்-2 என்ற இன்னொரு நொதியைத்தான் தடுக்கும். அதனால் பலருக்கு ஒத்துக்கொள்கின்றன, வீக்கமும் வடியும். இருந்தாலும் முதல் வேளையை மருத்துவர் கண்முன் போடுவதே சரி. இதய நோய் இருந்தால் யோசிக்க வேண்டியது இன்னும் அதிகம்.

ஓபியம் வகை வலி மருந்துகளான கோடீனும் மார்ஃபினும் காக்ஸ் பக்கமே போகாது. ஆனால் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமினை நேரடியாகவே கிளப்பிவிடும். அந்த அரிப்பைப் பலர் ஒவ்வாமை என்று நினைத்துவிடுகிறார்கள். பல் வலிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

எதைப் போட்டாலும் சரி, மூச்சு அடைத்தாலோ தலை சுற்றி விழுந்தாலோ ஒவ்வாமை மாத்திரையான செட்டிரிசின் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி, உடனே மருத்துவமனை. சில நாள், சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு வாய் புண்ணாகி, தோல் கொப்பளித்து உரிவது தனி ரகம். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. பாராசிட்டமாலுக்கும் இது உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013ல் எச்சரித்தது. அப்படி வந்தவருக்கு அந்த மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது.