உணவருந்த வாருங்கள்: அம்மாவின் கல்லும் அதை வெட்டிய கடையும்

அம்மாவின் கல்லறைக் கல்லை எங்கே செய்தீர்கள் என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சேமக்காலைக்கு வந்த இடத்தில் பார்த்தவர்கள். அதில் இரண்டு பேருக்கு விலை தெரிய வேண்டும். மூன்றாமவருக்கு, அதில் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று தெரிய வேண்டும். மூவருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அது அவர் பிழைப்பு. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது, அவ்வளவுதான். வேண்டுமானால் நேரில் கேளுங்கள்.

முதலில் விலை, 2025 பெப்ரவரியில் சொன்னது. இரண்டு அடிக்கு ஒன்றரை அடி கறுப்பு கிரனைட், 80 எழுத்து வரை, சீமெந்து அடித்தளம், கொண்டுவந்து பொருத்துவது எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். அதற்கு மேல் எழுத்து ஒன்றுக்கு 75. வேறு இரண்டு இடத்திலும் விசாரித்தேன். ஒன்று 48,000. மற்றது 36,000, ஆனால் அடித்தளம் நம் பொறுப்பு. வெள்ளை மாபிள் மலிவாக இருந்ததால் அதையே கேட்டேன். கடைக்காரர்தான் வேண்டாம் என்றார். "மாரி மழையில ரெண்டு வருசத்தில பாசி பிடிச்சிரும் டீச்சர், பிறகு நீங்க என்னத்தான் ஏசுவீங்க." லாபம் வருகிற இடத்தில் வேண்டாம் என்று சொல்லும் ஆளை எனக்குப் பிடிக்கும்.

அடக்கம் செய்த கையோடு கல் வைக்க அவசரப்படாதீர்கள். நம்முடையது மணல் மண். ஒரு மாரி போய், மண் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கின பிறகு வைத்தால்தான் கல் சரியாமல் நிற்கும். அம்மா 2024 செப்டெம்பரில் போனார். நான் கல்லுக்குக் கொடுத்தது 2025 பெப்ரவரியில். அதுவும் கடைக்காரர் சொல்லித்தான்.

இனி வாசகம். கடையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அல்பம் இருக்கிறது. நீங்கா நினைவுகளுடன், ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம் என்று எல்லாம் தயாராக. கிறிஸ்தவர்களுக்குத் தனிப் பக்கம். அதில் முதலாவது "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே". நல்ல வசனம்தான். ஆனால் எங்கள் சேமக்காலையில் நான் நின்ற இடத்திலிருந்தே அதை ஏழு கல்லில் வாசிக்கலாம். நான் கணக்குப் படிப்பிக்கிறவள், எண்ணாமல் இருக்க முடியாது.

நான் எழுதிக் கொண்டுபோன துண்டில் இருந்த பைபிள் வசனம்: உணவருந்த வாருங்கள் – யோவான் 21:12.

கடைக்காரர் அதை இரண்டு தரம் வாசித்தார். "இது அந்தியேட்டிக் கார்ட்டில போடுறதோ?" என்றார், முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாட்டு அழைப்பு என்று நினைத்து. இல்லை, கல்லில்தான் என்றேன். கனடாவில் இருக்கும் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில். "அக்கா, அது என்ன சாப்பாட்டுக் கடை போர்டா?" அவனுக்கு அம்மாவின் முகத்தை லேசரில் பொறிக்க வேண்டும். கடையில் இருந்த மாதிரிகளைப் பார்த்தேன். மீசை வைத்த ஆண்கள் பரவாயில்லாமல் வருகிறார்கள். பெண்கள் எல்லாரும் ஒரே குடும்பத்து அக்கா தங்கை போல இருக்கிறார்கள். வேண்டாம் என்று விட்டேன்.

எழுத்து எண்ணுவதில் மனிதர் நேர்மையானவர். கல்லாவுக்கு மேலே மாமாங்கேஸ்வரர் சாமி படம், அதற்குக் கீழே பென்சிலும் கொப்பியும். "யோ" என்ற எழுத்துக்குக் கொம்பு, கால் என்று மூன்று துண்டு வெட்ட வேண்டும், ஆனாலும் ஒன்றாகத்தான் எண்ணினார். உணவருந்த வாருங்கள் பதினொன்று, யோவான் மூன்று, இலக்கம் நான்கு. 80க்கு மேல் போன இந்தப் பதினெட்டுக்கு 1,350 ரூபாய். இரட்டைப் புள்ளிக்கும் கோட்டுக்கும் காசில்லை.

கணக்கை முடித்துவிட்டு, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டார்: "டீச்சர், குறை நினைக்கக் கூடாது. உங்கட ஆக்கள் எழும்புவாங்க எண்டுதானே சொல்றது. அப்ப அம்மா எழும்புவாவா?"

"ஓம் அண்ணன், எழும்புவா" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முற்பணம் 21,000 கொடுத்து, துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேரும் வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. அன்று சொல்லத் தெரியாததை இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் இடியப்பம் அவித்து விற்றவர். விடிய நாலு மணிக்கு எழும்புவார். அவருக்கு உயிர்ப்பு என்றால் யோவான் இருபத்தோராம் அதிகாரம்தான். சீடர்கள் இரவு முழுக்க வலை போட்டு ஒன்றும் படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நிற்கிறார். வலது பக்கம் போடச் சொல்கிறார், 153 மீன் படுகிறது. கரைக்கு வந்து பார்த்தால் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம். உணவருந்த வாருங்கள் என்று கூப்பிடுகிறார், அவர்தான் உயிர்த்த இயேசு. வாவியில் இரவுத் தொழிலுக்குப் போய் வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு இடியப்பம் கொடுத்துப் பழகியவருக்கு, இந்த அதிகாரத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "சாவை வெண்டு வந்தவரு, வந்து பசியாறத்தான் குடுத்தவரு" என்பார். லூக்காவில் சீடர்கள் ஆவி என்று பயந்தபோது இயேசு பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டுக் காட்டுகிறாரே, அதற்கும் அம்மாவிடம் விளக்கம் இருந்தது: "பேய் தின்னாது."

யோவானில் கரிநெருப்பு வருவது இரண்டே இடத்தில். ஒன்றில் குளிர் காய்ந்துகொண்டு பேதுரு, எனக்கு இயேசுவைத் தெரியாது என்கிறார். மற்றதில் அதே பேதுருவுக்குச் சாப்பாடு கிடைக்கிறது. கணக்குக் கேட்பது எல்லாம் சாப்பிட்ட பிறகுதான். அதுவும் மூன்று தரம் ஒரே கேள்வி, என்னில் அன்பு இருக்கிறதா என்று. தம்பியோடு அடக்கச் செலவுக் கணக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதை வாட்ஸ்அப்பில் கேட்பதில்லை, ஓகஸ்டில் அவன் வந்து இங்கே ஒரு நேரம் சாப்பிட்ட பிறகு பார்ப்போம் என்று முடிவெடுத்தது இந்த இடத்தை வாசித்துத்தான்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகள் பலர் போனார்கள். இந்த ஊரில் அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அந்தச் சபை இல்லை, கத்தோலிக்கர். அடுத்த ஞாயிறு எங்களுக்கும் பூசை தொலைக்காட்சியில்தான். குண்டு வெடித்த மறுநாள் திங்கட்கிழமை அம்மா வழக்கம் போல நாலு மணிக்கு எழும்பினார். விற்க இல்லை. ஊரடங்கு எடுத்ததும் மூன்று பெட்டி இடியப்பமும் சொதியும் சம்பலும் ஒரு செத்த வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். ஆறுதல், கடவுளின் சித்தம், ஒன்றும் பேசவில்லை. தட்டில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டு, "சாப்பிடாம அழ ஏலாது மகள்" என்றார். இரண்டு சொதிச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பதினைந்தாம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதல். கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் நம்பிக்கை வெறும் பேச்சு என்று எழுதி, கடைசி நாள் எக்காளம் வரை போய், 58ஆம் வசனத்தில் என்ன சொல்கிறார்? உங்கள் உழைப்பு வீண்போகாது என்று. அடுத்த வரி, பதினாறாம் அதிகாரம், எருசலேமுக்குக் காசு சேர்க்கிற விஷயம்! கடைக்குப் போகிற சீட்டைப் போல. சின்ன வயதில் இது எனக்குப் பெரிய சறுக்கலாகத் தெரிந்தது. இப்போது அம்மா வாழ்ந்த ஒழுங்கே இதுதானே என்று தெரிகிறது. எழும்புவோம் என்பது உண்மையானால் கழுவிய சட்டியும் கணக்கில் இருக்கும். பக்கத்து வளவில் தனியாக இருக்கும் இரண்டு ஆச்சிமாருக்கு அம்மா தினமும் ஆளுக்கு ஐந்து இடியப்பம் காசில்லாமல் கொடுத்து வந்தார். இப்போது நான் அவிக்கிறேன். என்னுடையது கொஞ்சம் கட்டி. அவர்கள் சொல்லிக் காட்டத் தவறுவதில்லை.

சரி, கடைக்கு வருவோம். குறைகள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முன் பொருத்தித் தருவதாகச் சொன்னார். அந்த ஞாயிறு ஏப்ரல் 13, மறுநாள் சித்திரை வருசம். வேலைக்காரப் பையன்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன் எடுத்தால் பதில் இல்லை. உயிர்ப்பு ஞாயிறும் போனது. வெறும் மண்மேட்டில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன், கோபம்தான். பிறகு, பாஸ்கா என்கிற உயிர்ப்புக் காலம் பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள் அல்லவா, ஜூன் 8 வரை அவகாசம் இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மே 10, சனிக்கிழமை கல் வந்தது. திகதி முக்கியமானவர்கள் ஒரு மாதம் முந்திச் சொல்லி வையுங்கள்.

வந்த கல்லைப் பார்த்தால் "உணவருந்த வாருங்கள". கடைசிப் புள்ளியைக் காணவில்லை. எழுத்தை ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டி, எழுத்துத் துண்டுகளை மட்டும் உரித்து, அந்த இடத்தில் காற்றோடு மணலை அடித்துக் குழி எடுக்கிறார்கள். புள்ளி பச்சரிசி அளவுத் துண்டு. உரிக்க மறந்தால் மணல் விழாது. நான் 75 ரூபாய் கொடுத்த எழுத்து அது என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பக் கொண்டுபோனால் இன்னும் ஒரு வாரம் ஆகும். "இல்ல, இதிலயே வைக்கிறன்" என்று, சுற்றிவர டேப் ஒட்டி, சின்ன உளியால் தட்டத் தொடங்கினார். அரை மணித்தியாலம். மற்றப் புள்ளிகளை விட இது கொஞ்சம் பெரிது. கிட்டப் போனால்தான் தெரியும்.

மற்றபடி வேலை சுத்தம். மண்ணுக்குள் போகிற அடிப்பக்கத்தைக் கூட விளிம்பு மழுக்கியிருக்கிறார். ரசமட்டம் வைத்து மூன்று தரம் பார்த்தார். தங்க நிறப் பெயின்ற் ஓரிரு இடத்தில் வழிந்திருந்தது, தின்னர் போட்டுத் துடைத்தார். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். போன் எடுத்திருந்தால் நாலரை.

நான் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு போயிருந்தேன். மதில் ஓரத்து நிழலில் அவரும் பையனும் உட்கார்ந்தார்கள். பையன் பன்னிரண்டு இடியப்பம் சாப்பிட்டான், கட்டி என்று சொல்லவில்லை. அவர் கல்லைப் பார்த்து, என் பெட்டியைப் பார்த்து, "இப்பதான் விளங்குது" என்று சிரித்தார். மீதி 22,350ஐ எண்ணிக் கொடுத்துவிட்டு, அம்மாவின் பெயரைத் தடவிப் பார்க்கக் குனிந்தேன்.

"மேல தொடுங்க டீச்சர், கீழ தொடாதீங்க. புள்ளி இன்னும் காயல்ல."