தோளுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவதாக வருகிறவரிடம் கவனம்

கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டரை ஆண்டுக்கு முன், துருப்பிடித்த தகரம் காலைக் கிழித்ததால் ஒரு தனியார் கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். ரவிக்கைக் கை மேலே சுருளவில்லை (நானே இறுக்கித் தைத்ததுதான்). கழுத்துப் பக்கமாக இறக்கிவிட்டேன். நர்ஸ் நின்றபடியே தோளின் உச்சியில் குத்திவிட்டார். தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே போட வேண்டிய ஊசி அது.

அன்றிரவே வலி. ஆறு மாதமாகியும் துணிக்கொடிக்குக் கை எட்டவில்லை. ஊசி தசையில் இறங்காமல், அதன் அடியில் உரசலைத் தடுக்க இருக்கும் சிறு நீர்ப்பையில் இறங்கியிருக்கலாம் என்றார் பொள்ளாச்சி எலும்பு மருத்துவர்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த இடைத்தரகர் வந்தார். "தடுப்பூசி பாதிப்புக்குத் தனிச் சட்டமே இருக்கிறது அக்கா. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் போதும். மூன்று ஆண்டு அவகாசம், அவசரமே இல்லை" என்றார். அளவெடுத்துத் தைத்தது போல எனக்குப் பொருந்தியது. வக்கீல் கட்டணம் என்று 12,000 ரூபாய் கொடுத்து, ஆங்கிலத் தாளில் கையெழுத்தும் போட்டேன்.

கோவையில் சட்டம் படிக்கும் அண்ணன் மகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அத்தை, இது அமெரிக்காவின் திட்டம்" என்றாள். 1988 முதல் நடக்கிறதாம். தோள் காயத்தை 2017இல் பட்டியலில் சேர்த்தார்களாம். அவர் சொன்னதெல்லாம் உண்மை, நாடு மட்டும் வேறு! அங்கேகூட இவ்வழக்கில் வக்கீல் மனுதாரரிடம் கட்டணம் வாங்கக் கூடாதாம். அதை மட்டும் விழுங்கிவிட்டார்.

பணத்தைவிட அந்த மூன்று ஆண்டுக் கணக்குதான் வயிற்றெரிச்சல். இங்கே எனக்கிருந்த வழி நுகர்வோர் ஆணையம். அதற்குக் கெடு இரண்டே ஆண்டு. நான் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டதால் அங்கே போகலாம். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் அதுவும் கிடையாது. சிகிச்சைக்குக் கொடுத்தது ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு கடந்து நான்கு மாதம் கழித்து, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் பாலக்காட்டில் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஆள் இப்போது வேலந்தாவளம் பக்கம், நாய்க்கடி ஊசி போட்டவர்களைத் தேடி வீடு வீடாகப் போகிறாராம். உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி: "ஊசி போட்டு எத்தனை மணி நேரத்தில் வலி வந்தது?"