'லூயி 15 காலத்து' அலுமாரி வாங்கப் போகிறவர்கள் பில்லை வாசித்துப் பாருங்கள்

பாரிஸ் புறநகரில் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு வரவேற்பறையைப் பழைய பிரெஞ்சு மாளிகை மாதிரி வைத்திருக்க ஆசை. வளைந்த கால், பொன்பூச்சு, மேலே பளிங்கு. வடிவாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆசையைத் தெரிந்துகொண்டே காசு பிடுங்கும் ஒரு கடையிடம் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

தளபாடத்தோடு அறை அமைப்பும் செய்து தருவோம் என்றார்கள். விற்பனையாளர் வீட்டுக்கே வந்து அளவெடுத்தார். பளிங்கு வைத்த லாச்சி அலுமாரி ஒன்றின் படத்தைக் காட்டி, "லூயி 15 காலத்தது, நோர்மண்டியில் ஒரு மாளிகையில் இருந்தது" என்றார். விலை 3,800 யூரோ. பில் கேட்டபோது பொருளோடு வரும் என்றார். வந்த பில்லில் இருந்தது 'ஸ்தீல் லூயி 15'. அதாவது பிரெஞ்சு ராசா லூயி 15இன் பாணியில் செய்தது, போன வருடம் செய்ததாகவும் இருக்கலாம். அந்தக் காலத்திலேயே செய்ததென்றால் 'எபோக்' என்று எழுத வேண்டும்.

இது வெறும் சொல் விளையாட்டில்லை. 1981 மார்ச் 3 அரசாணைப்படி, ஒரு பொருளை இன்ன காலத்தது என்று சொல்லி விற்றால் அது உண்மையில் அந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதற்கு விற்பவர் பொறுப்பு. பொருளின் வயது, மரம், எங்கிருந்து வந்தது என்று வாயால் சொன்னதையெல்லாம், நாம் கேட்டால் பில்லிலும் எழுதித் தர வேண்டும். விற்பனையாளருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் வாய் ஒன்று சொன்னது, பேனா இன்னொன்று எழுதியது.

தளபாடம் திருத்தும் பட்டறையில் வேலை செய்யும் மச்சான் வந்து பார்த்தார். அலுமாரியின் முகப்பை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. லாச்சியை முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்தார். மூலையில் பலகைகள் கோக்கும் பற்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. கையால் வெட்டினால் அப்படி வராது. உள்ளே சிலுவைத் தலைத் திருகாணிகள். "மச்சான், இந்த ஆணி வந்ததே 1930களிலதான். லூயி 15 செத்தது 1774இல" என்று சிரித்தார். பளிங்கின் அடிப்பக்கத்தைத் தடவச் சொன்னார். பழையதென்றால் உளி பட்ட சொரசொரப்பு இருக்கும், இது கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. பின்பக்கம் ஒட்டுப்பலகை. மேலே ஒட்டிய மரத்தோல் காகிதம் போல மெல்லியது, ஹீட்டர் பக்கம் ஏற்கெனவே கிளம்பத் தொடங்கியிருந்தது. உள்ளே தச்சரின் பெயர் முத்திரை இருந்ததே என்று கேட்டேன். முத்திரையையும் பொய்யாக அடிப்பார்களாம். வெர்சாய் அரண்மனையே போலி நாற்காலிகளை வாங்கி ஏமாந்த கதை 2016இல் வெளிவந்தது, நாமெல்லாம் எம்மாத்திரம்!

அறை அமைப்பு இன்னும் கேவலம். முதுகு தட்டையான கதிரைகள் அந்தக் காலத்தில் சுவரோரம் நிற்கச் செய்தவை. உள்வளைந்த முதுகுள்ள கபிரியோலே கதிரைகள்தான் அறை நடுவே இழுத்துப் போடுவதற்கு. இவர்கள் தட்டை முதுகுக் கதிரைகளை நடுவில் போட்டு, உள்ளே வருபவருக்கு அவற்றின் பின்பக்கத்தைக் காட்டி வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு கதிரை தாங்கும் அறைக்கு ஆறு விற்றால் வேறு எப்படி வைப்பது? இதற்குத் தனிக் கட்டணம் வேறு.

பொருள் இறக்கியதும் ஒரு கூத்து. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் 'கட்டடத்தின் கீழ் வரை' என்று இருந்ததாம். லொறிக்காரர்கள் நடைபாதையில் இறக்கிவிட்டு, மாடிக்கு ஏற்றத் தனிக் காசு கேட்டார்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால், காசு கொடுக்கும் முன்பே காலத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். பாணிக்குச் செய்த பழைய தளபாடங்கள் இன்று ஏலங்களில் சில நூறு யூரோவுக்கே போகின்றன, வடிவு மட்டும் போதுமென்றால் அங்கே பாருங்கள். பல ஏல நிறுவனங்கள் இலவசமாகவே மதிப்பிட்டுச் சொல்கின்றன. கண்காட்சி மண்டபத்தில் வாங்கினால் பொதுவாகப் 14 நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது, அங்கே கையெழுத்து வைக்க அவசரப்படுத்துவார்கள்.

நாங்கள் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம், அரசின் 'சினியால் கொன்சோ' தளத்திலும் முறையிட்டோம். அறை அமைப்புக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள், அலுமாரிக் காசுக்கு மூச்சில்லை. இப்போது சமரச அதிகாரியிடம் போயிருக்கிறோம், அதற்குக் கட்டணமில்லை. இதற்கிடையில் அதே ஆள் சார்செல் பக்கம் இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்கு 'லூயி 16 காலத்து' சாப்பாட்டு மேசை காட்டியிருக்கிறாராம். அவர்கள் இன்னும் முற்பணம் கட்டவில்லை என்று கேள்விப்பட்டதால்தான் இதை இன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.